நீலகிரி மழைத்துளியை உயரவாரியா அளக்க எந்த ரேடார் சரி?

ஆடில அவலாஞ்சி பக்கம் பெய்யுற மழையும், ஐப்பசில கோத்தகிரில இடியோட கொட்டுற மழையும் வேற வேறன்னு நனைஞ்சவங்க எல்லாருக்கும் தெரியும். முன்னது பொடித்துளியா நாள் பூரா விடாம அடிக்கும், பின்னது பெரிய பெரிய துளியா சடசடன்னு விழுந்துட்டு ஓஞ்சிடும். ரேடாருக்கு தலைவலியே இதுதான். எதிரொலியோட பலம் துளி விட்டத்தோட ஆறாவது அடுக்குல ஏறும், அதாவது 2 மி.மீ. துளி ஒண்ணு 1 மி.மீ. துளி 64 சேர்ந்தா வர்ற எதிரொலியை குடுக்கும், ஆனா அதுல இருக்குற தண்ணி எட்டு மடங்குதான். 40 டிபிஇசட்னு (எதிரொலி பலத்தோட அளவு) ரேடார் காட்டுனா, எதிரொலியை மழை அளவா மாத்துற, 1948ல வந்த மார்ஷல்-பால்மர் கணக்குல மணிக்கு பதினோரு பன்னெண்டு மி.மீ., வெப்பமண்டல மழைக்குன்னு இருக்குற இன்னொரு சூத்திரத்துல இருபதைத் தாண்டிடும். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில 24 மணி நேரத்துல 900 மி.மீ.க்கு மேல பெஞ்ச மாதிரி நாள்ல, மண்ணு சரியுமான்னு பயந்துட்டு இருக்குறப்ப, இந்த ரெட்டிப்பு வித்தியாசத்தை சும்மா விட முடியாது. அதனால எந்த உயரத்துல எந்த சைஸ் துளி எத்தனைன்னு தெரியணும், அதுக்கு எந்த ரேடார் சரின்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல கொச்சில இருக்குற மாதிரி பெரிய எஸ்-பேண்ட் (சுமார் 10 செ.மீ. அலைநீள) வானிலை ரேடார். அங்கிருந்து ஊட்டி நேர்கோட்டுல சுமாரா 165 கி.மீ. அரை டிகிரி சாய்வுல அனுப்புன ரேடார் அலைக்கற்றை இங்க வர்றப்ப அதோட நடு கடல் மட்டத்துல இருந்து 3 கி.மீ. உயரத்துல இருக்கும், ஒரு டிகிரி கற்றைன்னா அதோட அகலமே கிட்டத்தட்ட 2.9 கி.மீ. ஊட்டியே 2,240 மீட்டர்ல இருக்கு, அப்ப கற்றையோட அடிப்பக்கம் மலையில இடிக்குது, மேல்பக்கம் பனித்துகள் உருகுற அடுக்கை தொட்டுடுது. நமக்கு வேண்டிய மொத்த உயரமும் ஒரே நம்பர்ல அடங்கிடுச்சுன்னா அதுக்குள்ள மாற்றத்தை எங்க தேடுறது? இரட்டை முனைவாக்கம் (கிடையாவும் செங்குத்தாவும் அலை அனுப்பிப் பார்க்குறது) இருந்தா பெரிய துளி தட்டையாகுறதை வெச்சு சைஸ் சொல்லலாம், ஆனா 1 மி.மீ.க்கு கீழ துளி உருண்டையாவே இருக்கும், நம்ம ஆடி மழைல பாதி அதுதான். எந்த பக்கம் மேகம் திரளுதுன்னு பார்க்க இதை மிஞ்ச ஆளில்ல, அது வேற வேலை.

மழையை அளக்கன்னே 2014ல ஏவுன ஜிபிஎம் செயற்கைக்கோள்ல 13.6, 35.5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு ரேடார் இருக்கு, யோசனை அருமை. ஆனா ஒரு புள்ளியே 5 கி.மீ. அகலம், தரையோட எதிரொலி மலைல இன்னும் மோசம்ங்கறதால கீழ் அடுக்கு போயிடும், அதுவும் தலைக்கு மேல கடந்து போற நேரம் மட்டும்தான்.

எனக்கு மனசு போறது 24 கிகாஹெர்ட்ஸ்ல நேரா மேல பார்க்குற சின்ன மழை ரேடார் மேலதான். வீட்டு மாடில வைக்கலாம், மின்சாரம் அதிகம் குடிக்காது. 1 மி.மீ. துளி நொடிக்கு 4 மீட்டர், 2 மி.மீ. துளி ஆறரை மீட்டர் வேகத்துல விழும், அந்த வேகத்தை டாப்ளர்ல (திரும்பி வர்ற அலையோட அதிர்வெண் மாறுறதை வெச்சு) பிரிச்சு எந்த சைஸ் எத்தனைன்னு நூறு மீட்டருக்கு ஒரு அடுக்கா சொல்லிடும். உருகுற அடுக்கு நம்ம பக்கம் நாலரை, அஞ்சு கி.மீ. உயரத்துல இருக்கு, ஊட்டில நின்னா அது தலைக்கு மேல ரெண்டரை கி.மீ.தான், அதனால துளி பிறந்த இடத்துல இருந்து விழுற இடம் வரைக்கும் மொத்தமா கிடைக்கும். சமவெளில இது இவ்வளவு சுலபமா கிடைக்காது. ஒண்ணு மட்டும், இந்த உயரத்துல காத்து லேசு, துளி பத்துல ஒரு பங்கு வேகமா விழும், அதை திருத்தாம விட்டா எல்லாமே பெருசா தெரியும்.

இதோட நிஜமான பலவீனம் மேல ஏறுற காத்து. நொடிக்கு 1 மீட்டர் காத்து மேல தள்ளுனாலே 2 மி.மீ. துளி ஒன்றரை மி.மீ.யா தெரியும், அதே எதிரொலிக்கு கணக்கு ஒக்கணும்னு எண்ணிக்கையும் அஞ்சு மடங்குக்கு மேல ஊதிடும். தென்மேற்கு காத்து வந்து மோதுற மேல்பவானி சரிவோட விளிம்புல கொண்டு போய் வெச்சா இதுதான் நடக்கும், எமரால்டு மாதிரி கொஞ்சம் உள்ள தள்ளி வைக்கிறது மேல். கொச்சி பல்கலைக்கழகத்துல இருக்குற 205 மெகாஹெர்ட்ஸ் மாதிரி காற்று ரேடார் காத்தையும் மழையையும் தனித்தனியா பார்த்துடும், துல்லியம்னா அதுதான், ஆனா அதுக்கு வேண்டிய ஆன்டெனா கூட்டத்தை மலைல எங்க நிறுத்துறது.

மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டின்னு படிப்படியா லேசர் துளிமானி (தரைல விழுற துளியோட சைஸையும் எண்ணிக்கையையும் அளக்குற கருவி) வெச்சா போதுமேன்னு சிலர் கேக்குறாங்க. செலவு கம்மி, ஆனா மேட்டுப்பாளையத்துல விழுற துளி ஊட்டி மேல இருந்த அதே துளி இல்லையே, மலைக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம்னு மழையே மாறிடுது. ரேடாருக்கு பக்கத்துலயே ஒண்ணு வைங்க, அடி அடுக்கும் துளிமானியும் ஒத்துப் போகாத நேரத்து மேல் அடுக்கு கணக்கை நம்ப வேண்டாம்.

கோத்தகிரி ஐப்பசி இடிமழைக்கு மட்டும் இந்த சின்ன ரேடார் போதாது, கனமழைல 24 கிகாஹெர்ட்ஸ் அலை போற வழியிலயே தேஞ்சு மேல் அடுக்கு மங்கிடும், அங்க பக்கத்துலயே ஒரு எக்ஸ்-பேண்ட் ரேடார் (சுமார் 3 செ.மீ. அலைநீளம்) இருந்தா, அதுவும் கொஞ்சம் தேயும்னாலும், அதைத்தான் எடுப்பேன்.