ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2: ரெண்டு வருஷம் தட்டினதுக்கு அப்புறம்

யூடியூப்ல பாக்ஸ் பிரிச்ச அன்னைக்கே ரிவ்யூ போட்டுடறாங்க, எனக்கு அந்த தைரியம் இல்ல. இது ஒரு சாம்ப்ளர், அதாவது எந்த சத்தத்தையும் உள்ள ஏத்தி, வெட்டி, பேடுங்கற பட்டன்ல போட்டு விரலால தட்டி வாசிக்கற பொட்டி. வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது, இப்பதான் இதைப் பத்தி வாய் திறக்கலாம்னு தோணுது. நான் பெரிய ஆளெல்லாம் கிடையாது. வடசென்னை, வீக்கெண்ட்ல ரிசப்ஷன் டிஜே, மத்த நாள்ல பீட் போடறவன், ஏரியா பசங்க நாலஞ்சு பேரு ராப் பண்றாங்க, அவங்களுக்கு மியூசிக் நான்தான். லேபிள் இல்ல, மேனேஜர் இல்ல, போஸ்டர் டிசைன் பண்றது கூட தங்கச்சிதான்.

இதுக்கு முன்னாடி எல்லாரும் மாதிரி லேப்டாப்தான். எட்டு பார் லூப்பு, திரும்பத் திரும்ப சுத்தற துண்டு, போடுவேன், செமயா இருக்கும், டிரம்ஸ்ல ஹை ஹேட் மாத்துவேன், கிக் மாத்துவேன், புது சத்தத்துக்கு பிளக்-இன் தேடுவேன், ராத்திரி ரெண்டு மணி ஆயிடும், சேவ் பண்ணிட்டு படுத்தா அந்த ஃபைல திரும்ப தொறக்கவே மாட்டேன். அந்த ஃபோல்டர்ல இருநூறுக்கு மேல பாதி பீட்டு கெடக்கு. அதுல முழுப் பாட்டா வெளிய வந்தது ஆறு.

இப்ப பொட்டிக்கு வரேன். ஒரு லாங் சைஸ் நோட்டு என்ன அளவோ கிட்டத்தட்ட அவ்வளவுதான். 16 பேடு, கூட ஒரு சப் பேடு, மேல திருகற நாப்பு, நடுவுல குட்டியூண்டு டிஸ்பிளே. முதல் 404 வந்தது 2005ல, இந்த எம்கே2 2021 கடைசில. இந்த குடும்பத்துல இதுக்கு மூத்தது எஸ்பி-303, அதையும் ஒரு சின்ன ரெக்கார்டு பிளேயரையும் வச்சுக்கிட்டு அமெரிக்க பீட் மேக்கர் மேட்லிப் பிரேசில்ல ஹோட்டல் ரூம்ல உக்காந்து பீட் போட்ட கதை ஹிப்-ஹாப் கேக்கறவங்களுக்கு மனப்பாடம். அந்த கதைய கேட்டு ஆசப்பட்டு வாங்கினவன்தான் நானும், பொய் சொல்ல விரும்பல.

ஆனா வாங்கினதுக்கு அப்புறம் என்னை கட்டிப்போட்டது வேற ஒண்ணு, ஸ்கிப் பேக். நீங்க ரெக்கார்டே அழுத்தலன்னாலும் கடைசியா என்ன வாசிச்சீங்களோ அதை பொட்டி ஞாபகம் வச்சிருக்கும், முதல்ல வந்த வெர்ஷன்ல 25 செகண்ட். ஆடி மாசம் எங்க தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்தினப்போ பம்பை அடிச்சாங்க, போன்ல புடிச்சு வச்சிருந்தேன். மொட்டை மாடில உக்காந்து அதை உள்ள ஏத்தி வெட்டிட்டிருந்தேன். பம்பைல ஒரு பக்கம் கணீர்னு இருக்கும், இன்னொரு பக்கம் அடிச்சா ஊஊம்னு இழுக்கும், அந்த இழுவைய தனியா ஒரு பேடுல போட்டு, பழைய ரெக்கார்டு மாதிரி சத்தம் தர்ற 303 வினைல் சிம் எஃபெக்ட்ட போட்டு கம்ப்ரெஷன் நாப்ப ஏத்தினேன் பாருங்க, அந்த இழுவை அப்படியே ஹிப்-ஹாப்ல வர்ற ஆழமான 808 பேஸ் மாதிரி நெஞ்சுல இடிக்குது. சும்மா வெளாட்டுக்கு லூப்பர் எஃபெக்ட்ட அழுத்தி விட்டேன், அது எங்கயோ நடுவுல புடிச்சு சுத்த ஆரம்பிச்சிருச்சு. ரெக்கார்டு போடல. முன்ன மாதிரின்னா அவ்வளவுதான், போச்சு, மறுபடி அது வரவே வராது. ஸ்கிப் பேக்குக்கான மார்க் பட்டன அழுத்தினேன், இருந்துச்சு. அந்த நாலு செகண்ட்தான் இப்ப பசங்க ஸ்டேஜ்ல ஏறும்போது ஓடற இன்ட்ரோ.

இன்னொரு விஷயம், நம்மூரு அடி எல்லாம் பாதிக்கு மேல தகிட தகிடன்னு மூணா போகும், மெஷின் உலகம் நாலு நாலா எண்ணும். தட்டினத கட்டத்துக்கு நேரா இழுத்து நிறுத்தற குவான்டைஸ் போட்டா பம்பைக்காரர் கையில இருந்த அந்த சாய்வு செத்துப்போயி மிலிட்டரி மார்ச் ஆயிடுது. அதனால நான் குவான்டைஸ ஆஃப் பண்ணிட்டு கையாலதான் தட்டறேன், தப்பு வந்தா வரட்டும். பேடு அதுக்கு நல்லா ஒத்துழைக்குது, மெதுவா தட்டினா மெதுவா, ஓங்கி தட்டினா ஓங்கி.

பாட்டு முடியுது, அதுதான் முக்கியம். டிஸ்பிளேல முழு பாட்டோட படம் தெரியாது, லேப்டாப்ல மாதிரி நீள நீளமா கட்டம் கட்டி பாத்துட்டு இருக்க வழி இல்ல, காதாலதான் முடிவு பண்ணணும். சிலருக்கு இது எரிச்சலா இருக்கும், முழு பாட்டையும் இதுலயே அரேஞ்ச் பண்ணி மிக்ஸும் பண்ணிடலாம்னு நெனச்சா வாங்காதீங்க. சில வேலைக்கு ரெண்டு மூணு பட்டன சேத்து அழுத்தணும், முதல் மாசம் முழுக்க மேனுவல் மடிலதான் இருந்துச்சு. நான் பீட்ட இதுல கட்டிட்டு யூஎஸ்பி-சி வழியா லேப்டாப்ல எறக்கி வோக்கல் அங்க சேக்கறேன். ரெண்டு வருஷத்துல 19 பாட்டு முடிச்சிருக்கேன்.

லைவ்ல? டிஜே மோடுன்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு சாம்பிள ரெண்டு டெக்கு மாதிரி வச்சு ஓட்டலாம். ரிசப்ஷன் முழுசா இத வச்சு ஓட்ட முடியாது, ஆன்ட்டி ஒருத்தங்க வந்து “தம்பி அந்த பாட்டு போடுப்பா”ன்னு கேட்டா லேப்டாப்தான் கதி. ஆனா நடுவுல ஐசோலேட்டர்ல பேஸ சுத்தமா எடுத்துட்டு நாலு பேடு தட்டி திரும்ப பேஸ விட்டா ஆடாதவனும் ஆடுவான். ஒரு மண்டபத்துல லேப்டாப்ல இருந்து பவர் எடுத்தேன், ஸ்பீக்கர்ல ங்ங்ங்னு ஒரே இரைச்சல். பொட்டிய குத்தம் சொல்ல முடியாது, மண்டபத்து வயரிங் லட்சணம் அப்படி. ஆறு டபுள்-ஏ பேட்டரி போட்டதும் அமைதி ஆயிடுச்சு. அதுல இருந்து சார்ஜ் பண்ற பேட்டரி ரெண்டு செட் பையில எப்பவும் இருக்கும்.

சரி, காசு. இத வாங்க அரை லட்சம் கிட்ட ஆச்சு, அதுல பாதி அக்கா குடுத்தது. அந்த காச மீட்டுக் குடுத்தது ஸ்டேஜ் மட்டும்தான். முன்ன மண்டபத்துல “பாட்டு போடற தம்பி”, இப்ப தட்டிக் காமிக்கறதால ரேட்ட கொஞ்சம் ஏத்தி கேக்க முடியுது, எட்டு மாசத்துல போட்ட காசு வந்துருச்சு. ஸ்ட்ரீமிங்ல வந்தத சொன்னா சிரிப்பீங்க. 2024ல இருந்து ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு 12 மாசத்துல ஆயிரம் ஸ்ட்ரீம் தொடலன்னா அதுக்கு பணமே கிடையாது, என் 19ல அந்த கோட்ட தாண்டினது மூணு. இதுல பாட்ட ஏத்தி விடற டிஸ்ட்ரிபியூட்டருக்கு வருஷா வருஷம் சந்தா வேற. நான் முதல்ல போன கம்பெனி, பேரு வேணாம், கார்டு மாறினதுல சந்தா ஒரு தடவ கட் ஆச்சு, ரெண்டே வாரத்துல எல்லா பாட்டும் காணோம், திரும்ப ஏத்தினப்போ பழைய ஸ்ட்ரீம் கணக்கு எல்லாம் பூஜ்யத்துல இருந்து. ஒரு மாசம் மெயில் போட்டேன், ரோபோதான் பதில் சொல்லுச்சு.

வாங்கப்போற தம்பிங்க எல்லாரும் கேக்கற கேள்வி, “ண்ணா, ராஜா சார் பாட்ட வெட்டி போடலாமா?” வீட்ல வெட்டி பழகுங்க, அத விட நல்ல ஸ்கூல் இல்ல. மூர் மார்க்கெட்ல பழைய ரெக்கார்டு தேடி நானும் அலைஞ்சிருக்கேன். ரிலீஸ்னு வந்தா வேற கதை. நம்ம சட்டத்துல ஒலிப்பதிவுக்கு உரிமை 60 வருஷம், இசையமைச்சவருக்கு அவர் காலத்துக்கு அப்புறமும் 60 வருஷம், ரெண்டும் தனித்தனி. அனுமதி வாங்கற அளவுக்கு நம்மகிட்ட ஆளும் இல்ல காசும் இல்ல. அதான் நான் பம்பை, பறை, எங்க பாட்டி பாடற தாலாட்டுன்னு தெருவுலயும் வீட்லயும் புடிக்கறேன். வாசிச்சவங்ககிட்ட கேட்டுட்டுதான் போடறேன், அந்த பம்பைக்கார அண்ணனுக்கு ரிலீஸுக்கு முன்னாடியே ஒரு தொகை குடுத்தேன், அவரு முதல்ல வாங்க மாட்டேன்னுட்டாரு, அப்புறம் ஹெட்போன்ல போட்டுக் காமிச்சதும் “இது நான் அடிச்சதாடா?”ன்னு ரெண்டு தடவ கேட்டுட்டு வாங்கிக்கிட்டாரு.

ஸ்டேஜ் ஏறி தட்டற எண்ணம் இருந்தா வாங்குங்க, செகண்ட் ஹேண்ட் கெடச்சா இன்னும் நல்லது, ஒவ்வொரு பேடையும் தட்டிப் பாத்துட்டு காசு குடுங்க. ஸ்டேஜ் எண்ணமே இல்ல, பாட்டு ஏத்தி சம்பாதிக்கணும்னு மட்டும்தான்னா அந்த அரை லட்சத்துல நல்ல மைக்கும் ஹெட்போனும் வாங்கிக்கோங்க. ப்ராஜெக்ட்ட மெமரி கார்டுல பேக்கப் எடுத்துக்கோங்க. நான் ஒரு தடவ அவசரத்துல தப்பான பேங்க்க, அதாவது 16 பேடு சேந்த ஒரு செட்ட, அழிச்சிட்டு பாட்டியோட தாலாட்ட திரும்ப பாடச் சொல்லி கேட்டேன். பாடினாங்க, ஆனா கேமரா முன்னாடி பாடற மாதிரி பாடினாங்க.