மூணு வருஷம், நாலு ஜோடி ரப்பர்

"எடையைக் குறைங்க, இல்லேன்னா மாத்திரை எழுதிடுவேன்" என்று டாக்டர் சொன்னதால் முப்பத்தாறு வயதில் டேபிள் டென்னிஸ் ஆடப் போனவன் நான். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கிளப். இரண்டு மேஜை, சாயங்காலம் ஆறரைக்கு மேல் பத்துப் பன்னிரண்டு பேர், பந்து பறக்கும் என்பதால் சித்திரை வெயிலிலும் போடக்கூடாத ஒரு ஃபேன். மூன்று வருடத்தில் எடை நாலு கிலோ குறைந்தது. மட்டையில் ஒட்டும் ரப்பருக்குப் போன பணத்தை இங்கே எழுதப்போவதில்லை, வீட்டில் படிப்பார்கள்.

முதலில் வாங்கியது ரெடிமேட் மட்டை. உறை, இரண்டு பந்து எல்லாம் சேர்த்துக் கண்ணாடிக் காகிதத்தில் சுற்றி, மேலே நட்சத்திரமெல்லாம் போட்டிருந்தது. இரண்டு மாதம் அதிலேயே ஆடினேன். வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டு மாதமும் நான் நன்றாக ஆடுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் கட் சர்வீஸ் (பந்தைப் பின்பக்கமாகச் சுழலவிடும் சர்வீஸ்) போட்டால் வலையில் அடித்துத் திணறுகிற புதுப்பையன்களுக்கு நடுவில் நான் மட்டும் சாதாரணமாகத் திருப்பி அனுப்புவேன். பிறகுதான் தெரிந்தது, என் ரப்பர் கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டிருந்தது. எதிராளியின் ஸ்பின் என் மட்டையில் பிடிக்கவே இல்லை. அதே காரணத்தால் நான் போடும் ஸ்பினும் பந்தில் ஏறவில்லை. என் சர்வீஸை எட்டாம் வகுப்புப் பையன் அசால்ட்டாக அடித்துக்கொண்டிருந்ததற்கு அதுதான் விளக்கம்.

உங்கள் மட்டை எப்படி என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பந்தை உள்ளங்கையால் ரப்பர் மேல் லேசாக அழுத்தி உருளவிடாமல் இழுத்துப் பாருங்கள். நல்ல ரப்பரில் பந்து நகர மறுக்கும், ரப்பரின் மேல்தாள் சுருண்டு இழுபடுவது கண்ணுக்கே தெரியும். என்னுடையதில் சோப்புப் போட்ட தரையில் போவது மாதிரி போனது.

அடுத்து செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். ராத்திரி பதினோரு மணிக்கு வீடியோ பார்த்துப் பார்த்து, "உலகத் தரம்" என்று எல்லோரும் சொல்லும் ஒரு ஜெர்மன் டென்சர் ரப்பரை இரண்டு பக்கத்துக்கும் வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம், தப்பு ரப்பருடையதில்லை. ரப்பருக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்சின் கடினம் 47.5 டிகிரி, தடிமன் மேக்ஸ், அதாவது கிடைப்பதிலேயே தடித்தது. ஐந்து அடுக்கு மர ஆல்ரவுண்ட் பிளேடு (ரப்பர் ஒட்டும் மரப்பலகை) ஒன்றையும் தனியாக வாங்கினேன். இந்த அனுபவத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். இன்றுவரை அதே பிளேடு. அதனால்தான் ஒரு ரப்பருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை நிச்சயமாகச் சொல்ல முடிகிறது.

முதல் பத்து நிமிடம் சொர்க்கம். ஃபோர்ஹேண்டுக்கு ஃபோர்ஹேண்ட் அடிக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம். பிறகு மேட்ச் ஆரம்பித்தது. பந்தை புஷ் செய்தால், அதாவது மெல்லத் தள்ளிவிட்டால், எதிராளியின் மார்பு உயரத்துக்கு எழும்பியது. குட்டையாகப் போட நினைத்த சர்வீஸ் மேஜையைத் தாண்டியது. பிளாக் என்று மட்டையைச் சும்மா வைத்துத் தடுத்தாலும் பந்து சுவரில் போய் அடித்தது. ஐந்து மாதம் இப்படியே போனது. ஒவ்வொரு நாளும் "இன்னிக்குப் பழகிடும்" என்றுதான் கிளம்புவேன்.

ஏன் இப்படி என்பதை மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். டேபிள் டென்னிஸ் ரப்பர் என்பது இரண்டு பகுதி: மேலே பிடிப்பு தரும் மெல்லிய ரப்பர் தாள், அதன் அடியில் ஸ்பாஞ்ச். 2008-க்கு முன்னால் பெரிய ஆட்டக்காரர்கள் மேட்சுக்கு முன் ஸ்பீட் க்ளூ என்ற காரமான வாடையுள்ள பசையைத் தடவி ஸ்பாஞ்சை உப்ப வைப்பார்கள். ஸ்பாஞ்ச் விரிந்து மேல்தாளை இழுத்துப் பிடிக்கும், பந்து கவணில் இருந்து போவது மாதிரி போகும். உடம்புக்குக் கேடு என்று அந்தப் பசை தடை செய்யப்பட்டது. அந்த இழுவிசையைத் தொழிற்சாலையிலேயே உள்ளே வைத்துத் தருவதுதான் டென்சர் வகை ரப்பர்கள். வேகமாக அடிக்கிறவனுக்கு அது வரம். மெதுவாகத் தொட வேண்டிய இடத்திலும் கவண் வேலை செய்யும் என்பதுதான் சிக்கல். புதிதாக ஆடுகிறவனின் ஆட்டத்தில் பாதிக்குமேல் மெதுவாகத் தொடுவதுதான்: சர்வீஸ், சர்வீஸ் எடுப்பது, புஷ், பிளாக். போதாததற்கு நல்ல பிடிப்புள்ள ரப்பர் எதிராளியின் ஸ்பினையும் முழுசாக வாங்கிக்கொள்ளும். மட்டையின் சாய்வு கொஞ்சம் தப்பினாலும் பந்து எங்கேயோ போகும்.

எடை இன்னொரு தொல்லை. தெரிந்தவர் நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம், 191 கிராம். மூன்றாவது மாதம் மணிக்கட்டில் வலி வந்ததற்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

எங்கள் கிளப்பில் ரயில்வேயில் ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் வருவார். எழுபது வயதுக்கு மேல். நகரவே மாட்டார், ஆனால் பந்து அவரைத் தேடி வரும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நான் கட் போடுதேன், நீ இருபது புஷ் போடு. வலைக்கு மேல ஒரு தீப்பெட்டி உயரத்துக்குள்ள போகணும்" என்றார். வலைக் கம்பத்தின் மேல் நிஜமாகவே ஒரு தீப்பெட்டியை நிறுத்தி வைத்தார். இருபதில் ஆறு போனது. தன் மட்டையைக் கொடுத்து, "இதுல போடு" என்றார். பதினான்கு. அவருடையது ஓரமெல்லாம் தேய்ந்து, பெயர் அழிந்துபோன ரப்பர்.

"என்ன ரப்பர் அண்ணாச்சி இது?"

"மார்க் ஃபைவ். நான் சர்வீஸ்ல சேர்ந்த காலத்துல இருந்து இதான். உன் ஜெர்மன்காரனைக் கழட்டி பீரோவுல வை. ரெண்டு வருஷம் கழிச்சு ஒட்டிக்கோ."

கழற்றுவதிலும் ஒரு பாடம் இருந்தது. கோபத்தில் ஒரு மூலையைப் பிடித்து விருட்டென்று இழுத்தேன். ரப்பரோடு சேர்ந்து பிளேடின் மேல் மரத்தில் ஒரு விரல் நீளத்துக்குச் சிம்பு உரிந்து வந்துவிட்டது. புது பிளேடு என்றால் முதல் ரப்பர் ஒட்டுவதற்கு முன்பே மெல்லியதாக ஒரு கை வார்னிஷ் அடித்துக் காயவைக்க வேண்டும். கழற்றும்போது மர நாரின் போக்கைப் பார்த்து, மட்டையோடு படுத்தாற்போல் மெல்லச் சுருட்டிக்கொண்டே வரவேண்டும். சிம்பு போன இடத்தை ஃபெவிகால் வைத்து ஒட்டினேன். இன்னும் அந்த வடு இருக்கிறது, ஆட்டத்தில் தெரியவில்லை.

மார்க் ஃபைவ், யசாகா கம்பெனி 1969-ல் கொண்டுவந்த ஜப்பான் ரப்பர். இதைவிட இரண்டு வருடம் மூத்தது பட்டர்ஃபிளை கம்பெனியின் ஸ்ரைவர் ரப்பர். இவை இரண்டையும் வைத்தே ஒரு தலைமுறை முழுக்க ஆடியிருக்கிறது. நான் இரண்டு பக்கமும் மார்க் ஃபைவ், ஸ்பாஞ்ச் தடிமன் 1.8 மில்லிமீட்டர் வாங்கினேன். முதல் நாள் ஏமாற்றம். ஜெர்மன் ரப்பரின் 'டக்' இல்லை, தட்டையாக ஒரு 'தப்'. அடித்தால் பந்து சோம்பேறித்தனமாகப் போகிற மாதிரி இருந்தது. மூன்றாவது வாரத்தில் ஒன்று கவனித்தேன்: பந்து எங்கே போனது, ஏன் போனது என்று எனக்கே தெரிய ஆரம்பித்திருந்தது. வலையில் விழுந்தால் மட்டை கீழ்நோக்கிச் சாய்ந்து மூடியிருந்தது. நீளமாகப் போனால் கை முன்னால் போகாமல் மேலே போயிருந்தது. முந்தைய ரப்பரில் சரியாக அடித்தாலும் தப்பாக அடித்தாலும் பந்து வேகமாகத்தான் போகும், எதனால் என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

டாப்ஸ்பின்னும் இதில்தான் வந்தது. பந்தைத் தள்ளாமல் உரசி மேலே இழுக்க வேண்டும் என்று எல்லோரும் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கவண் இல்லாததால் உரசினால்தான் பந்து வலையைத் தாண்டும் என்ற நிலைமை வந்ததும் கை தானாக உரசக் கற்றுக்கொண்டது.

தடிமன் பற்றிக் கொஞ்சம். மெல்லிய ஸ்பாஞ்சில் பந்து சீக்கிரமே மரத்தைத் தொட்டுவிடும், அதனால் கட்டுப்பாடு அதிகம், வேகமும் ஸ்பின்னும் குறைவு. தடித்ததில் பந்து உள்ளே புதைந்து வெளியே எறியப்படும். 1.5 எடுத்தால் சீக்கிரம் அலுத்துவிடும். 1.8 அல்லது 2.0 போதும். மேக்ஸ் வேண்டவே வேண்டாம்.

இந்த ஸ்பாஞ்ச் சமாச்சாரம் உலகத்தின் கண்ணில் பட்டதே நம் நாட்டில்தான். 1952-ல் பம்பாயில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்புக்கு ஹிரோஜி சாட்டோ என்ற கண்ணாடி போட்ட ஜப்பான்காரர் தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு வந்தார். அதுவரை எல்லோரும் ஆடியது ஸ்பாஞ்ச் இல்லாத கெட்டி ரப்பரில், சத்தத்தை வைத்தே அடியின் பலத்தை எடைபோடுவார்கள். இவர் மட்டையில் சத்தமே வரவில்லை. பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் குழம்பிப்போனார்கள், பட்டம் சாட்டோவுக்கு. 1959-ல்தான் விதி போட்டு அடக்கினார்கள்: ஸ்பாஞ்ச் மேல் ரப்பர் தாள் இருக்க வேண்டும், பசை உட்பட மொத்தம் 4 மில்லிமீட்டர் தாண்டக்கூடாது. இன்றும் அதே 4 தான்.

பராமரிப்புக்கு வருவோம், நம் ஊர் சூட்டில் இது முக்கியம். மட்டையை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு ஆபீஸ் போனேன். ஒரே ஒரு நாள், மே மாதம். சாயங்காலம் எடுத்தபோது ஓரம் கிளம்பி அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. ஆடி முடித்ததும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி உறையில் போட்டால் போதும். அதற்கென்று விற்கும் க்ளீனர் வாங்கினேன், குழாய்த் தண்ணீர் செய்யாத எதையும் அது செய்யவில்லை. ஐப்பசி மழையில் தனிப் பிரச்சினை: ஈரக்காற்றில் மட்டையின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படரும், பந்து வழுக்கும். பாயின்டுக்குப் பாயின்ட் சட்டையில் துடைத்துக்கொண்டே ஆட வேண்டியதுதான். இப்போதைய பசை தண்ணீரில் ஆனது, பால் போல வெள்ளையாக இருக்கும். மட்டையிலும் ஸ்பாஞ்சிலும் தடவி, வெள்ளை முழுக்க மறைந்து தெளிவாகும்வரை காத்திருந்து ஒட்ட வேண்டும். கோடையில் கால் மணி நேரத்தில் காய்வது மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் உள்ளே கொப்புளம் நிற்கும்.

வாரம் நாலு நாள், தினம் ஒன்றரை மணி நேரம் ஆடினேன். ஒரு ஜோடி மார்க் ஃபைவ் ஏழெட்டு மாதம் தாங்கியது. அதன்பின் பந்து படும் நடுப்பகுதி மட்டும் மங்கி வெளுக்கும், சர்வீஸில் ஸ்பின் குறையும். கிழிந்தால்தான் மாற்ற வேண்டும் என்று நினைத்து இழுத்தடித்தால் கை அந்த வழுக்கலுக்குப் பழகிவிடும். அடுத்த ஜோடியும் அதே மார்க் ஃபைவ்.

நடுவில் ஒரு சபலம். நம் நாட்டு வீராங்கனை மணிகா பத்ரா பேக்ஹேண்டில் லாங் பிம்பிள்ஸ் வைத்துப் பெரிய பெரிய ஆட்களைக் கலங்கடிப்பதைப் பார்த்து, நாமும் ஒட்டினால் என்ன என்று தோன்றியது. நீளமான காம்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் அது. எதிராளியின் ஸ்பினைத் தலைகீழாகத் திருப்பி அனுப்பும். கிளப்பில் ஒருவரிடம் வாங்கி ஒரு வாரம் ஆடினேன். புதுப்பையன்களிடம் சுலபமாக ஜெயித்தேன். எப்படி ஜெயித்தேன் என்று எனக்கும் தெரியவில்லை, தோற்ற பையனுக்கும் தெரியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒன்று மட்டும் பழகிக்கொண்டேன்: மேட்ச் தொடங்குமுன் எதிராளியின் மட்டையை வாங்கித் திருப்பிப் பார்ப்பது. விதியே அதை அனுமதிக்கிறது, வெட்கப்பட வேண்டாம்.

மூன்றாம் வருடம் ஃபோர்ஹேண்டுக்கு மட்டும் டிஎச்எஸ் என்ற சீனக் கம்பெனியின் ஹரிக்கேன் 3 மாற்றினேன். பேக்ஹேண்டில் பழையபடி மார்க் ஃபைவ். சீன ரப்பரின் அழகே அந்தப் பிசுபிசுப்புதான். புதிதாகப் பிரித்ததும் பந்தை ஒட்டவைத்து மட்டையைக் கவிழ்த்தால் இரண்டு நொடி தொங்கி நின்றுதான் விழும். வாங்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாந்தேன். பொட்டலத்தில் 39 டிகிரி என்று இருந்தது. ஜெர்மன்காரன் 47.5, இது 39, அப்படியானால் மெத்தென்று இருக்கும் என்று கணக்குப் போட்டேன். சீனாவின் அளவுகோல் வேறு. ஒட்டி முதல் பந்தை அடித்ததும் மரக்கட்டையில் பட்ட மாதிரி இருந்தது. முழு உடம்பையும் திருப்பி வீசினால்தான் ஸ்பாஞ்ச் விழித்துக்கொள்ளும், சோம்பலாக அடித்தால் பந்து வலையில்தான். சர்வீஸுக்கும் புஷ்ஷுக்கும் ஈடு இணையில்லை. முதல் வருடத்திலேயே இதை வாங்கியிருந்தால் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் இப்போது என்னிடமும் கேட்கிறார்கள். ரெடிமேட் வேண்டாம், ஐந்து அடுக்கு மர பிளேடு ஒன்றும், இரண்டு பக்கத்துக்கும் 1.8 தடிமனில் ஒரே ரப்பரும் வாங்குங்கள் என்கிறேன். மார்க் ஃபைவ் கிடைக்காவிட்டால் அந்தக் குணமுள்ள எதுவும் சரி. கவர்ச்சிக்காக ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் வேறு என்று ஆரம்பிக்கக் கூடாது. ரப்பரில் ஐடிடிஎஃப் (உலக டேபிள் டென்னிஸ் சம்மேளனம்) முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மாவட்டப் போட்டியில் மட்டையைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் கறுப்பு கட்டாயம். மறுபக்கம் முன்பெல்லாம் சிவப்பு மட்டுமே, 2021-லிருந்து பச்சை, நீலம், ஊதா, இளஞ்சிவப்பும் செல்லும். பெரும்பாலும் தலையாட்டிவிட்டு, மறுநாள் ஏதோ ஒரு மேக்ஸோடு வந்து நிற்பார்கள்.

போன மாதம் பீரோவைக் கிளறும்போது அந்த ஜெர்மன் ஜோடி கிடைத்தது. அண்ணாச்சி சொன்ன கெடு தாண்டிவிட்டதே என்று ஒட்டிக்கொண்டு போனேன். அவரே கட் போட்டார், வலைக் கம்பத்தில் அதே தீப்பெட்டி. இருபதில் பதினேழு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் மட்டையை வாங்கி, பந்தை ரப்பர் மேல் அழுத்தி இழுத்துக் காட்டினார். சோப்புப் போட்ட தரை மாதிரி போனது.

"காத்துப்பட்டுக் காய்ஞ்சு போச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.