ஆக்ஸெல் கற்றுத்தர எது நல்லது: ஹார்னஸா, தரைப்பயிற்சியா?

ஃபிகர் ஸ்கேட்டிங்கின் ஆறு தாவல்களில் ஆக்ஸெல் மட்டும்தான் முகம் முன்னே பார்க்க எழும்புவது. இறங்குவது மற்றவற்றைப் போலப் பின்னோக்கித்தான். அதனால் 'சிங்கிள்' என்று பெயர் இருந்தாலும் ஒன்றரைச் சுற்று சுற்றியாக வேண்டும். 1882இல் வியன்னாவில் நார்வேக்காரர் ஆக்ஸெல் பால்சன் செய்துகாட்டியது இது. இன்றும் பிள்ளைகள் மாதக்கணக்கில் தேங்கி நிற்பது இந்த இடத்தில்தான்.

ஹார்னஸ் என்றால் இடுப்பில் பெல்ட், அதிலிருந்து கயிறு, பயிற்சியாளர் கையில் தூண்டில் மாதிரி நீளக் கம்பு. அவர் பக்கத்திலேயே சறுக்கி வந்து, பிள்ளை எழும்பும்போது தூக்கிக் கொடுப்பார். பலமுறை விழுந்து பயந்துபோன பிள்ளை சுற்று முடியும் முன்பே கைகளை விரித்துவிடும். அந்தப் பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

ஆனால் அந்த உயரம் யாருடையது? கயிறு தூக்கும்போது இடது காலால் உந்த வேண்டியதில்லை, வலது முழங்காலை மேலே கொண்டுவர வேண்டியதில்லை. இழுப்பு ஒரு கணம் முந்திவிட்டால் போதும், ஸ்கேட் பிளேடின் விளிம்பில் நின்று அழுத்துவதற்கு முன்பே பிள்ளை மேலே போய்விடும். அந்தத் தப்பான நேரக்கணக்கே காலில் பழகியும் விடும். சந்தேகமாக இருந்தால் குனிந்து பனியைப் பாருங்கள். நல்ல ஆக்ஸெலின் கோடு வளைந்து வந்து, நுனியில் சின்னக் கொக்கி போன்ற சுரண்டலோடு முடியும். அந்தக் கொக்கி இல்லாத தாவலை நான் நம்புவதில்லை.

தரைப்பயிற்சியில் ஷூ போட்டுக்கொண்டு வெறும் தரையில் தாவுவது. ஆக்ஸெலில் கஷ்டமானது சுற்றுவது அல்ல. இடது காலில் எழும்பி, காற்றிலேயே உடல் எடையை வலப்பக்கத்துக்கு மாற்றுவது. அதைத் தரையில் நிதானமாக, எத்தனை முறை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். குறையும் உண்டு. தரை சறுக்காது, வேகமும் இல்லை, விளிம்பும் இல்லை. ஷூ தரையைப் பற்றிக்கொள்வதால் சிலர் தோளை முதலில் முறுக்கப் பழகிவிடுவார்கள். தரைப்பயிற்சியோடு பனியில் பேக் ஸ்பின்னும் (வலது காலில் நின்று பின்னோக்கிச் சுழல்வது) நடக்க வேண்டும் என்பது இதனால்தான். காற்றில் ஆக்ஸெலின் நிலை கிட்டத்தட்ட பேக் ஸ்பின்தான். அது ஆடாமல் நிற்காத பிள்ளையை ஆக்ஸெலுக்கு அனுப்பவே கூடாது.

சிங்கிள் ஆக்ஸெலுக்கு என் ஓட்டு தரைக்கும் பேக் ஸ்பின்னுக்கும்தான். டபுள் ஆக்ஸெல், டிரிபிள் என்று போகும்போது கதை மாறுகிறது. டிரிபிளில் காற்றில் இருப்பதே முக்கால் வினாடிக்கும் குறைவு. கால் சுற்று குறைந்தாலும் நடுவர்கள் குறித்துவிடுவார்கள். அந்தக் கட்டத்தில் எழும்புவது பிள்ளைக்குச் சொந்தமாகியிருக்கும், இறுக்கமாகச் சுற்றும் உணர்வுதான் பாக்கி. அதற்கு ஹார்னஸ் நன்றாகவே உதவும். அப்போதும் கயிறு தளர்வாக இருக்கட்டும், விழப்போகும்போது பிடித்தால் போதும். பெல்ட்டைக் கழற்றியதும் அதே தாவலை அன்றே, தனியாக ஒருமுறை செய்ய வையுங்கள்.