சுங்கை சிப்புட்டில் பசியாற ஒரு கடை: சாடின் சம்பலுக்கே என் ஓட்டு

முதலில் கடையைச் சொல்லிவிடுகிறேன், ஊர்க்கதை அப்புறம். ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே இருக்கிற சுங்கை சிப்புட். சந்தைக்குப் பின்பக்கத் தெருவில், பழைய கடைவீட்டு வரிசையில் ஓரத்துக் கடை. பெயரைப் போடவில்லை. கடைக்கார அக்காவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "இப்பவே ஒன்பதரைக்கெல்லாம் சட்டி காலி, இன்னும் ஆள் வந்தா மாவு நீங்க வந்து ஆட்டுவீங்களா தம்பி?" என்று கேட்டார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஊரில் யாரை நிறுத்தி சாடின் சம்பல் (டின் மத்தி மீனை மிளகாய் விழுதில் வதக்கியது) எங்கே என்று கேட்டாலும் கை காட்டுவார்கள்.

தோசை இரண்டு வெள்ளி (ரிங்கிட்), சம்பல் ஒரு கரண்டி மூன்று வெள்ளி. தோசை ஈப்போக் கடைகளில் வருகிற மாதிரி கூம்பாக, மொறுமொறுவென்று, பார்க்க அழகாக வராது. வீட்டுத் தோசை: நடுவில் கொஞ்சம் தடிப்பு, ஓரம் மட்டும் சிவப்பு, நன்றாகப் புளித்த மாவு. சட்னி சுமார்தான், தேங்காயைவிடத் தண்ணீர் அதிகம். அதைத் தள்ளி வைத்துவிட்டு சம்பலுக்கு வாருங்கள்.

டின்னைத் திறந்து சட்டியில் கொட்டிக் கிளறினால் அது சாடின் சம்பல் ஆகிவிடாது, ஆனால் பாதிக் கடைகளில் அதைத்தான் கொடுக்கிறார்கள். இந்த அக்கா பெரிய வெங்காயத்தை வட்டமாக, நிறைய அரிந்து, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுதோடு நிதானமாக வதக்குகிறார். எண்ணெய் பிரிந்து மேலே சிவப்பாக மிதக்கும் வரை அடுப்பை விட்டு நகர்வதில்லை. பிறகுதான் புளித்தண்ணீரும் டின்னில் இருக்கிற தக்காளிச் சாறும் போய் அதுவும் சுண்ட வேண்டும். மீன் கடைசியில், அடுப்பை அணைப்பதற்குக் கொஞ்சம் முன்னால். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து இரண்டு உலுக்கு, அவ்வளவுதான். அதனால் மீன் உடையாமல் முழுசாகக் கிடக்கிறது, அந்த மெல்லிய நடுமுள்ளைக் கடித்தால் பொடிப்பொடியாகிறது, வெங்காயம் இனிப்பும் காரமுமாகத் தோசையில் ஊறுகிறது. ஒரு தோசையோடு எழுந்திருக்கிற ஆளை அங்கே நான் பார்த்ததில்லை.

இது ஏன் இந்த ஊரில் இவ்வளவு நன்றாக வருகிறது என்பதற்குக் காரணம் உண்டு. சாடின் தோட்டத்துச் சாப்பாடு. பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுக்கிறவர்கள் விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வரிசைக்கு, நிற்க வேண்டும், குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும். எனவே சமையல் இருட்டில் முடிந்து, தூக்குச்சட்டியில் ஏறி, வெயில் வந்தபின் மரத்தடியில் திறக்கப்படும்போதும் கெடாமல் இருக்க வேண்டும். தேங்காய்ப்பால் குழம்பு அதற்குத் தாங்காது. எண்ணெயும் புளியும் மிளகாயும் தூக்கலாக, தண்ணீர் இல்லாமல் சுண்டிய சம்பல் தாங்கும். கறி மீன் தினமும் கிடைக்காத இடத்தில் டின் எப்போதும் கிடைக்கும், தவுக்கே (சீன முதலாளி) கடையில் 555 என்கிற கடன் நோட்டில் எழுதிவிட்டு வாங்கி வரலாம், சம்பளம் போட்டதும் தீர்க்கலாம். இப்படி ஒரு ஊரே வாரக்கணக்கில் ஒரே பொருளைச் சமைத்தால் கை பழகாமல் என்ன செய்யும்?

அக்காவும் தோட்டத்துப் பிள்ளைதான். பால்மரம் போய் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்து, லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) இடித்து, குடும்பம் டவுனுக்கு வந்து, வாசலில் ஒரு மேசை போட்டு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் விற்று, பிறகு கடை. இந்த மாதிரி ஊர்களில் தமிழர் சாப்பாட்டுக் கடைகள் பலவற்றின் பின்னால் இதே கதைதான் இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

சரி, இவ்வளவு நன்றாகச் சாப்பாடு இருக்கிற ஊருக்குச் சாப்பாட்டுப் பேர் ஏன் வரவில்லை? சுங்கை சிப்புட் என்றால் இங்கே எம்பியாக இருந்த துன் சம்பந்தன் என்பார்கள், 1948 ஜூனில் தோட்டத்து வெள்ளைக்காரத் துவான்கள் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டு அவசரகாலம் பிறந்த கதையைச் சொல்வார்கள், 2008 தேர்தலில் ம.இ.கா. (மலேசிய இந்தியக் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலு தோற்றதைச் சொல்வார்கள். யாரும் தோசையைச் சொல்ல மாட்டார்கள்.

பேர் வாங்கிய சின்ன ஊர்களைப் பார்த்தால் எனக்குத் தெரிகிறது இதுதான்: ருசி மட்டும் போதாது, வழிப்போக்கர் வேண்டும், அவர் கையில் கொடுத்தனுப்ப ஊர்ப் பேரோடு ஒட்டிய ஒரே ஒரு பண்டம் வேண்டும். தஞ்சோங் மாலிம் பாவ் (ஆவியில் வேகவைத்த ரொட்டி), பீடோர் வாத்து மீ (நூடுல்ஸ்), காஜாங் சாத்தே (குச்சியில் சுட்ட இறைச்சி). முதல் இரண்டும் பழைய பெருஞ்சாலையில் வண்டிகள் நின்று போன ஊர்கள். குளுவாங்கில் 1938 முதல் ரயில் நிலையத்துக் கோப்பிக்கடை நடக்கிறது; ரயிலுக்குக் காத்திருக்கிறவன் வேறு என்ன செய்வான், கோப்பி குடிப்பான், ஊருக்குப் போய்ச் சொல்வான். 1994 இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுசாகத் திறந்ததும் இந்த ஊர்களை ஒதுக்கிவிட்டுக் கார்கள் பறந்தன. ஆனாலும் அதற்குள் பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது, ஆள் வேண்டுமென்றே டோலில் (கட்டணச் சாவடியில்) இறங்கி வாங்கிக்கொண்டு போகிறான்.

நம் ஊருக்கு வந்த வில்லங்கம் ஈப்போ. தெற்கிலிருந்து வருகிறவன் ஈப்போவில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இங்கே தாண்டுகிறான், வடக்கிலிருந்து வருகிறவன் இன்னும் அரை மணி நேரத்தில் ஈப்போ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறான். ஈப்போவுக்கு ஈயக்காசு இருந்தது, அந்தக் காசில் வளர்ந்த கோப்பிக்கடைகள் இருந்தன, தவ்கே (முளைப்பயறு) கோழிக்குச் சுண்ணாம்பு மலைத் தண்ணீர் என்று ஒரு கதையும் இருக்கிறது. தவ்கே குண்டாக இருப்பதற்கு மலைத் தண்ணீர்தான் காரணமா என்று யாரும் சோதிப்பதில்லை, கதை நன்றாக இருக்கிறது, போதும். சாடின் டின்னுக்கு அப்படி என்ன கதை சொல்ல முடியும்? மேலும் தோட்டத்துச் சாப்பாடு விற்பதற்காகச் சமைத்தது இல்லை. வீட்டில் இருந்தது. டவுனுக்கு வந்தால் நம் ஆட்களே மீ கோரிங் கேட்டார்கள், வீட்டில் இருக்கிற சம்பலுக்கு யார் காசு கொடுப்பது!

ஆனால் ஒரு விஷயத்தில் பேர் இல்லாத ஊர்தான் எனக்கு மேல். ஈப்போவில் ஒரு கடை, பெயர் வேண்டாம், வெயிலில் வரிசையில் நின்று உள்ளே போனால் ஆறிப்போன சோறும் முகம் பார்க்காத பரிமாறலும். அவர்களுக்கு என்ன கவலை, நான் போனால் பின்னால் நூறு பேர் போனில் படம் எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள், எப்படியும் நான் மறுபடி வரப்போவதில்லை. இங்கே தினமும் அதே முகங்கள். லோரி ஓட்டுகிறவர், பள்ளிக்கூட ஆசிரியை, ஓய்வு பெற்ற கிராணி (எழுத்தர்) ஒருவர். நான் உட்கார்ந்திருந்தபோதே அந்தக் கிராணி தட்டைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, நேத்து புளியா இது?" என்றார். அக்கா உள்ளே இருந்தே "மழைக்குப் புளி சரியில்லைங்கய்யா, நாளைக்கு மாத்திடுறேன்" என்றார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவருக்குத் தெரிகிறது. இந்த மாதிரி நாலு நாக்கு தினமும் எதிரே உட்கார்ந்தால் எந்தச் சமையல்காரரும் அசந்துபோக முடியாது.

2024 இல் நம் நாட்டுப் பசியாறும் பழக்கத்தை யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) மூன்றையும் முன்னால் நிறுத்திப் பேசினார்கள். சந்தோஷம். அதற்கு முன்பே 2021 இல் சரவாக்கின் கூச்சிங் யுனெஸ்கோவின் உணவுக்கான படைப்பு நகரம் ஆனது. மாநிலத் தலைநகருக்கு அதையெல்லாம் ஓடி வாங்க ஆள் உண்டு, நம் சந்தைத் தெருவுக்கு யார் ஓடுவது? இந்த ஊருக்குப் பேர் வந்தால் தீபாவளிக்குத் திரும்பி வருகிற பிள்ளைகள் மூலம்தான் வரும். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் விடுமுறை முடிந்து கிளம்பும்போது சம்பலை டப்பாவில் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். அந்த டப்பா மேல் ஊர்ப் பேரை எழுதி ஒட்டுங்கள் அக்கா என்றேன், சிரித்தார்.

இனி குறைகள். தே தாரிக் கொடுமையான இனிப்பு, குறைவாகச் சீனி என்று சொன்னாலும் கெட்டிப்பால் கை குறையாது, பேசாமல் கோப்பி ஓ (பாலில்லாத கோப்பி) கேளுங்கள். வடை காலையிலேயே கல். உளுந்து வடை ஆசை இருந்தால் கோயில் பக்கம் போய்விடுங்கள். பரிமாற ஒரே ஒரு பையன், நீங்கள் கேட்டது வர நேரமாகும், அதற்குள் பக்கத்து மேசைக்குப் போய்விடவும் கூடும். மதியச் சாப்பாடும் போடுகிறார்கள், அதற்காக வர வேண்டியதில்லை. சாம்பார் பரவாயில்லை, கோழி வறட்சி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி பெரட்டல் உண்டு, ஒன்பது வெள்ளி, எலும்பு கொஞ்சம் தூக்கல் என்றாலும் மிளகு நன்றாக இறங்கியிருக்கும், தோசைக்கு அதையும் கேட்டுப் பாருங்கள்.

திங்கள் கடை இல்லை. எட்டு மணிக்கு முன்னால் போங்கள், காரைச் சந்தை முன்னால் விடாதீர்கள், மீன் வண்டி வந்து மறித்துவிடும். சம்பல் கட்டிக்கொண்டு போவதாக இருந்தால் உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள், எழுந்திருக்கும்போது கேட்டால் கிடைக்காது.