60-ல் ஹேண்டில் உதறியது, பீளமேட்டில் ஒரு பட்டறையில் நின்றது

என்னுடையது 150 சிசி வண்டி, 48,000 கிலோமீட்டர் ஓடியது. கோவை அவினாசி ரோட்டில் 65-ல் போய் ஆக்ஸிலேட்டரை விட்டால், வேகம் 60-க்கும் 50-க்கும் நடுவில் இறங்கும்போது ஹேண்டில் இடதும் வலதுமாக உதற ஆரம்பிக்கும். கையை இறுக்கிப் பிடித்திருந்தால் தெரியாது, ஒரு கையை எடுத்தால் போதும். முதலில் போன சர்வீஸ் சென்டரில் எட்டிப் பார்த்துவிட்டு டயர் என்றார்கள், 2,400 ரூபாய்க்கு முன் டயர் மாற்றினேன். உதறல் பாதி குறைந்தது, போகவில்லை. திரும்பிப் போனால் "ரோடு அப்படி சார்" என்றார்கள். எல்லா ரோடுமா?

ஆபீஸ் நண்பர் சொல்லித்தான் பீளமேட்டுச் சந்து ஒன்றில் இருக்கும் இந்தப் பட்டறைக்குப் போனேன். போர்டு கிடையாது, லேத் பட்டறைக்கு அடுத்த ஷெட். நடத்துகிறவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கூட ஒரு பையன்.

முதல் பத்து நிமிடம் அண்ணன் ஸ்பேனரையே தொடவில்லை, கேள்விதான் கேட்டார். முறுக்கும்போதா, விடும்போதா? பின்னால் ஆள் உட்கார்ந்தால் கூடுதா, குறையுதா? டிராஃபிக்கில் மெதுவாகப் போகும்போது வண்டி நேராகப் போகாமல் அலைபாயுதா? (ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங்தான் கோன் செட், அதை அளவுக்கு மேல் இறுக்கியிருந்தால் அப்படித்தான் அலைபாயுமாம்.) அப்புறம் டயர் காற்றைப் பார்த்தார், பின்னால் மாட்டியிருந்த டாப் பாக்ஸைக் கழற்றச் சொன்னார், தானே ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார்.

சோதனை எல்லாம் நம் வீட்டிலேயே செய்யக்கூடியதுதான். மெயின் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் கட்டை வைத்து முன் சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம்மை ஒட்டி ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் காட்டினார், இடைவெளி மாறவில்லை, ஆக பெண்டு இல்லை. டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், வீல் பேரிங்கும் சரி. அடுத்து முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தபோது "டொக்" என்று ஒரு சத்தம். "இப்ப ஹேண்டிலை மெதுவா திருப்புங்க தம்பி" என்றார். நேராக வரும் இடத்தில் குழியில் விழுந்த மாதிரி நின்றது. அவ்வளவுதான், நோய் கோன் செட்டில்தான்.

கழற்றிக் காட்டியபோது கிரீஸ் காய்ந்து மண் மாதிரி இருந்தது, பேரிங் பால்கள் உருளும் கீழ் வளையத்தில் (ரேஸ்) அவை உட்கார்ந்த தடம் குழிகுழியாக. நாம் பெரும்பாலும் நேராகவே ஓட்டுகிறோம், பள்ளத்தில் விழும் அடி முழுக்க அதே இடத்தில்தான் விழுகிறது. அப்படியானால் டயர் மாற்றியதும் ஏன் குறைந்தது என்று கேட்டேன். தேய்மானம் சீராக இல்லாத டயர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு தட்டும், தளர்ந்த கோன் செட் அதை ஆட்டமாக மாற்றும் என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்: 17 இன்ச் சக்கரம் 60-ல் வினாடிக்கு ஏறக்குறைய 9 சுற்று சுற்றுகிறது. முன் பக்கம் இயல்பாக உதறுவதும் வினாடிக்கு சுமார் 4-லிருந்து 10 முறைக்குள்தான். இரண்டும் ஒத்துப்போகும் வேகத்தில் ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவது போல் ஆகிவிடுகிறது. ஆக டயர் என்று சொன்னவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த ஸ்பேனர். பல இடங்களில் கோன் நட்டை உளியும் சுத்தியலும் வைத்து அடித்துத்தான் திருப்புகிறார்கள், என் நட்டிலேயே பழைய உளித் தழும்பு இருந்தது. இவர் பக்கத்து லேத்தில் கடைந்து வாங்கிய சாக்கெட் வைத்திருக்கிறார். பாலுக்குப் பதில் உருளை வைத்த டேப்பர் பேரிங் போடலாமா என்று நானே கேட்டேன். "இந்த வண்டிக்கு இதுவே போதும், கிரீஸை ஒழுங்கா வெச்சாப் போதும்" என்று சாதா பால் ரேஸ் செட்டே போட்டார். செட் 420, கூலி 500. ஒரு வார்த்தையில் என்னிடம் இன்னொரு ஆயிரம் வாங்கியிருக்கலாம்.

குறைகளும் உண்டு. மதியம் முடியும் என்றது சாயங்காலம் ஆறரை ஆனது. போன் எடுக்கவே மாட்டார், பில் கிடையாது. திரும்ப மாட்டிய ஹெட்லைட் மரக்கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தது, வீட்டில் நானே இறக்கிக்கொண்டேன். 500 கிலோமீட்டரில் வந்து மறுபடி டைட் பார்க்கச் சொன்னார், புது ரேஸ் கொஞ்சம் உட்காருமாம். மறந்துபோய் 800-ல் போனேன், திட்டிவிட்டுக் காசு வாங்காமல் செய்து கொடுத்தார்.

இப்போது 80-லிருந்து விட்டாலும் ஹேண்டில் அசையவில்லை. போகிறவர்கள் காலை ஒன்பதுக்கே போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் போனால் மறுநாள்தான்.