எச்சரிக்கை: இந்தியாவிலிருந்து சரக்கு எடுப்பவர்கள் பணம் அனுப்பும் முன் படிக்கவும்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் மளிகை இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்துக்கு நேர்ந்தது இது. யார் பெயரும் இங்கே வேண்டாம். ஆனால் ஏமாற்றிய முறை புதிதல்ல. இதே வழியில் இன்னும் பலர் பணத்தை இழந்துகொண்டிருக்கிறார்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

சரக்கு உலர் மிளகாய். ஒரு நாற்பதடி கன்டெய்னர், விலை 38,000 அமெரிக்க டாலர். 30 விழுக்காடு முன்பணம், மீதி 70 விழுக்காடு பில் ஆஃப் லேடிங்கின் (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ஆவணம்) ஸ்கேன் பிரதி மின்னஞ்சலில் வந்ததும் கொடுக்க வேண்டும். ஈரப்பதம் 11 விழுக்காட்டைத் தாண்டாது என்று இன்வாய்ஸிலேயே எழுதியிருந்தது. கதவைத் திறந்தபோது முன்வரிசை மூட்டைகள் பளிச்சென்று இருந்தன. நான்கைந்து வரிசை இறக்கியதும் பூசண வாடை வந்தது. உள்ளே இருந்த சாக்குகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, காம்புகளில் வெள்ளை படர்ந்திருந்தது. விற்றவரைக் கூப்பிட்டால், "அண்ணே, கன்டெய்னர் வியர்த்திருக்கும், அடுத்த லோடில் கழிச்சிக்கலாம்" என்றார்.

கன்டெய்னர் வியர்ப்பது உண்மைதான். ஆனால் அப்படி வியர்த்தால் கூரையிலிருந்து சொட்டி மேல் மூட்டைகள்தான் முதலில் நனையும். நடு மூட்டைகள் மட்டும் கெட்டிருந்தால் ஏற்றும்போதே ஈரமாக இருந்தது என்றே சந்தேகிக்க வேண்டும். அதை நிரூபிக்கத் திறந்த அன்றே ஆள் வேண்டும். இங்கே அது நடக்கவில்லை. நல்ல மூட்டைகளைப் பிரித்துக் கடைகளுக்கு அனுப்பிவிட்டு, மீதியைக் கிடங்கில் ஒதுக்கிவிட்டார்கள். அடுத்த லோடு வரவே இல்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் வாட்ஸ்அப்பில் "பார்க்கலாம்", "ஆடிட்டர் வரட்டும்" என்று இழுத்தடித்தார்கள். கடைசியில் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் கடைசிப் பத்தியை முதல்முறையாக முழுதாகப் படித்தார்கள்.

அந்தப் பத்தி சொன்னது இதுதான்: தகராறு வந்தால் சிங்கப்பூரில் நடுவர் மன்றம் (நீதிமன்றத்துக்குப் பதில் தனி நடுவர் விசாரித்துத் தீர்ப்பளிக்கும் முறை), இந்திய நடுவர் சட்டப்படி, விற்பவரின் நிர்வாக இயக்குநர் நியமிக்கும் ஒரே நடுவர், மேலும் விற்பவரின் ஊர் நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்.

நான்கு துண்டும் நான்கு வெவ்வேறு ஒப்பந்தங்களிலிருந்து வெட்டி ஒட்டியவை. இருக்கை, அதாவது மன்றத்தை மேற்பார்வை செய்யும் நீதிமன்றம் எந்த நாட்டுடையது என்பது, சிங்கப்பூரா இந்தியாவா என்பதே முதலில் வழக்காகிவிடும். நடுவரை ஒரு தரப்பே நியமிப்பது செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2019-லேயே தெளிவாகச் சொன்ன பிறகும் இந்த வரி இன்வாய்ஸ்களில் அச்சாகிக்கொண்டே இருக்கிறது. குளறுபடியான பத்தியை நீதிமன்றம் காப்பாற்றித் தருவதும் உண்டு. 2013-ல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், இங்கே இல்லவே இல்லாத ஒரு "நடுவர் குழு"வைப் பெயரிட்டு, விதிகள் மட்டும் ஐசிசி (அனைத்துலக வர்த்தகச் சபை) விதிகள் என்று எழுதியிருந்தார்கள். எஸ்ஐஏசி (சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மன்ற நிலையம்) போன்ற ஒரு நிலையம் நடத்தித் தர ஒப்புக்கொண்டால் நடக்கட்டும் என்று நீதிமன்றம் வழிவிட்டது. ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேரவே வழக்கறிஞர் கட்டணமும் காலமும் போய்விடும். 38,000 டாலர் சரக்குக்கு அது கட்டுப்படியாகாது.

சரி, சிங்கப்பூர் நீதிமன்றத்துக்கே போனால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். சிறு வழக்கு மன்றத்தின் வரம்பு 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இரு தரப்பும் ஒப்பினால் 30,000. அதற்கு மேல் 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம். தீர்ப்பு கிடைக்கும், ஆனால் விற்றவரின் சொத்து இந்தியாவில் இருக்கிறது. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு, சிங்கப்பூர் போன்ற அங்கீகரிக்கப்பட்ட நாடுகளின் மேல்நிலை நீதிமன்றத் தீர்ப்புகளை நேரடியாக நிறைவேற்றத்தான் இடம் தருகிறது. கீழ் நீதிமன்றத் தீர்ப்பை வைத்துக்கொண்டு அங்கே புதிதாக வழக்குப் போட வேண்டிவரும். நடுவர் மன்றத் தீர்ப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவதற்கான 1958 நியூயார்க் உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருக்கின்றன. தொகை எவ்வளவாக இருந்தாலும் இந்திய உயர் நீதிமன்றத்தில் நிறைவேற்றக் கேட்கலாம். அனைத்துலக வணிகத்தில் எல்லாரும் நடுவர் மன்றத்தை விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

எனவே பத்தி எப்படி இருக்க வேண்டும்? நிலையம்: சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மன்ற நிலையம், அதாவது எஸ்ஐஏசி. விதிகள்: வழக்குத் தொடங்கும் நாளில் நடப்பிலுள்ள அதன் விதிகள். இருக்கை: சிங்கப்பூர். நடுவர்: ஒருவர். மொழி: ஆங்கிலம். ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் என்பது ஒரு வரி, நடுவர் உடன்பாட்டுக்கு எந்த நாட்டுச் சட்டம் என்பது இன்னொரு வரி. இரண்டாவதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், பிறகு அதைச் சுற்றியே மாதக்கணக்கில் வாதாடுகிறார்கள். எஸ்ஐஏசி தன் மாதிரிப் பத்தியை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. அதில் ஒரு சொல்லையும் மாற்றாமல் எடுத்து ஒட்டுங்கள். "நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்" என்ற வரி ஒப்பந்தத்தில் வேறெங்காவது ஒளிந்திருந்தால் அடித்துவிடுங்கள். இன்வாய்ஸின் பின்பக்கப் பொடி எழுத்தையும் பாருங்கள், அங்கேதான் பெரும்பாலும் இருக்கும்.

2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த எஸ்ஐஏசி விதிகள் சிறு வணிகர்களுக்கு உண்மையிலேயே நல்ல செய்தி. தொகை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாவிட்டால், வேண்டாம் என்று இரு தரப்பும் சொல்லாத வரை, சுருக்கு நடைமுறை பொருந்தும். ஒரே நடுவர், பெரும்பாலும் ஆவணங்களை மட்டும் பார்த்து, மன்றம் அமைந்த மூன்று மாதத்தில் தீர்ப்பு. அதற்கு மேல் ஒரு கோடி வெள்ளி வரை துரித நடைமுறை, ஆறு மாதம். அப்படியும் இந்த அளவுத் தொகைக்காக வழக்காடினால் வரும் பணத்தில் பெரும்பகுதி செலவுக்கே போகலாம். ஒரு கன்டெய்னர் அளவில் உண்மையான பாதுகாப்பு, பணம் கொடுக்கும் முறையில்தான் இருக்கிறது.

ஸ்கேன் பிரதிக்கு 70 விழுக்காடு கொடுப்பது சரக்கைப் பார்க்காமலேயே முழு விலையையும் கொடுப்பதுதான். லெட்டர் ஆஃப் கிரெடிட் (எல்சி: சொன்ன ஆவணங்கள் வந்தால் விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி தரும் உறுதி) போட்டால் மட்டும் போதும் என்றும் நினைக்காதீர்கள். வங்கி ஆவணங்களைத்தான் பார்க்கும், சரக்கைப் பார்க்காது, எல்சிக்கான அனைத்துலக விதிகளான யுசிபி 600 அப்படித்தான் சொல்கிறது. எனவே நீங்கள் தேர்ந்தெடுத்த ஆய்வு நிறுவனம் ஏற்றும்போது தரும் சான்றிதழை எல்சி கேட்கும் ஆவணங்களில் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஈரப்பத அளவு, எத்தனை மூட்டையில் மாதிரி எடுத்தார்கள், கன்டெய்னர் எண், சீல் எண் எல்லாம் அந்தச் சான்றிதழில் வர வேண்டும். "முதல் வரிசையில் எடுத்தது" போதாது, ஏற்றும்போதே அங்கங்கே எடுத்திருக்க வேண்டும்.

இந்த நிறுவனம் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. புரோஃபார்மா இன்வாய்ஸ் (முன்கூட்டியே தரும் விலைப்பட்டியல்) ஒரு பெயரில், பில் ஆஃப் லேடிங்கில் ஷிப்பர் (சரக்கை அனுப்புபவர்) வேறு பெயரில், பணம் போன வங்கிக் கணக்கு மூன்றாவது பெயரில். மூன்றும் "நம்ம குரூப் கம்பெனிதான்" என்றார்கள். நடுவர் மன்றத் தீர்ப்பு பொதுவாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும், அந்தப் பெயரில் சொத்து எதுவும் இல்லாமல் இருப்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். இந்தியக் கம்பெனி என்றால் 21 எழுத்தும் எண்ணும் கொண்ட சிஐஎன் (கம்பெனிப் பதிவு எண்) இருக்கும், நிறுவன விவகார அமைச்சின் தளத்தில் தேடிப் பார்க்கலாம். சிஐஎன் இல்லையென்றால் அது கம்பெனி அல்ல, தனி உரிமையாளர் கடையாகவோ கூட்டாண்மையாகவோ இருக்கலாம். அப்போது உரிமையாளர்கள் தங்கள் பெயரிலேயே கையெழுத்திட வேண்டும். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், பழைய எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். 2024 ஜூலையில் சிங்கப்பூர்ச் சரக்கு வணிக நிறுவனம் ஒன்று இப்படி 4 கோடியே 23 லட்சம் அமெரிக்க டாலரைக் கிழக்குத் திமோருக்கு அனுப்பிவிட்டது. போலீசும் இன்டர்போலும் உடனே தடுத்ததால்தான் பெரும்பகுதி திரும்பியது.

சரக்கு வந்ததும் கதவைத் திறக்கும் முன் சீல் எண்ணைப் படமெடுங்கள். கெட்டிருப்பது தெரிந்தால் பாதி இறக்கிய நிலையிலேயே நிறுத்தி சர்வேயரை (சரக்கை ஆய்வு செய்பவர்) கூப்பிடுங்கள். மாதிரிகளைச் சர்வேயர் கையெழுத்துடன் சீல் வைத்து எடுத்து வையுங்கள். அன்றே எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் அல்ல, ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு மின்னஞ்சலும் கூரியரும். நல்ல மூட்டைகளை விற்கத் தொடங்கினால் அவற்றை ஏற்றுக்கொண்டதாகவே ஆகும், முழுச் சரக்கையும் திருப்பும் உரிமை அங்கேயே பலவீனமாகிவிடும். நட்டஈடு கேட்கலாம், ஆனால் அது வேறு கணக்கு.

சமரசப் பேச்சு நல்லது, அதை எழுத்தில்லாமல் நடத்துவதுதான் ஆபத்து. பேசிக்கொண்டிருப்பதால் காலவரம்பு நிற்காது. ஒப்பந்தத்துக்கு இந்தியச் சட்டம் என்றால் மூன்று ஆண்டு, சிங்கப்பூர்ச் சட்டம் என்றால் ஆறு ஆண்டு. முறையாகச் சமரசம் செய்வதென்றால் சிங்கப்பூர் அனைத்துலகச் சமரச நிலையமும் எஸ்ஐஏசியும் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு இருக்கிறது. முதலில் நடுவர் மன்றத்தில் பதிவு, பிறகு எட்டு வாரம் சமரசம், உடன்பாடு வந்தால் அதையே நடுவர் தீர்ப்பாக்கிக் கொள்ளலாம். இந்தச் சுற்று வழி ஏன் என்றால், சிங்கப்பூர்ச் சமரச உடன்படிக்கையில் இந்தியா 2019-ல் கையெழுத்திட்டது, ஆனால் உறுதிப்படுத்தவில்லை. வெறும் சமரச ஒப்பந்தத்தை அதன்கீழ் அங்கே நிறைவேற்ற முடியாது. தீர்ப்பாக்கிவிட்டால் முடியும்.

இந்த நிறுவனம் கடைசியாக நம்பியது "பணத்தை வசூலித்துத் தருகிறேன்" என்ற ஒரு ஏஜென்டை. தொகையில் பத்து விழுக்காட்டை முன்னாலேயே வாங்கிக்கொண்டு, லெட்டர்ஹெட்டில் ஒரே ஒரு கடிதம் அனுப்பினார், பிறகு அழைப்பை எடுப்பதில்லை. சிங்கப்பூரில் கடன் வசூல் தொழிலுக்கு 2022 சட்டப்படி உரிமம் வேண்டும். வழக்கறிஞர் என்றால் சட்ட அமைச்சின் இணையப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். "எங்கள் நடுவர் மன்றமே தீர்ப்பு தந்துவிடும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2024 அக்டோபரில் குஜராத்தில் ஒருவர் போலி நடுவர் மன்றமே நடத்திப் பிடிபட்டார்.

இப்போதே இப்படி மாட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்று செய்ய வேண்டியது: சரக்கு வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு எப்போது முடிகிறது என்று கணக்கிடுங்கள். "அடுத்த லோடில் கழிக்கிறோம்" என்கிறவரிடம் தொகை எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையிட்ட கிரெடிட் நோட் (இவ்வளவு தொகை உங்களுக்குத் தர வேண்டும் என்று ஒப்பும் சீட்டு) கேளுங்கள். அது கைக்கு வந்தால் தரம் பற்றிய சண்டை கடன் பாக்கியாக மாறிவிடுகிறது, காலவரம்பு முடியும் முன் வந்தால் அந்த நாளிலிருந்து காலமும் புதிதாக ஓடத் தொடங்கும். அதில் "விதவுட் பிரெஜுடிஸ்" (தன் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்) என்ற சொற்கள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் வழக்கில் அதைக் காட்ட முடியாமல் போகலாம். தர மறுத்தால் அன்றைக்கே வழக்கறிஞரிடம் போய் நடுவர் மன்ற அறிவிப்பைத் தயாரிக்கச் சொல்லுங்கள்.