மண்புழுவுக்கு ஒரு முழுப் புத்தகம்

அக்கா மகளுக்கு ஏழு வயது, விலங்குப் பைத்தியம். ஆளாளுக்கு வாங்கித் தந்ததில் வீட்டில் மூன்று புத்தகங்கள் சேர்ந்துவிட்டன: அவளால் தூக்க முடியாத கனத்தில் ஒரு விலங்குக் களஞ்சியம், திறந்து மூடும் மடிப்புகள் வைத்த கெட்டி அட்டைப் புத்தகம், மண்புழுவைப் பற்றி மட்டுமே பேசும் ஒல்லியான படப்புத்தகம். இரவில் வாசித்துக் காட்டும் வேலை சித்தியான எனக்கு. பகலில் மெய்ப்புத் திருத்துகிறவள் என்பதால், படத்துக்கு முன்னால் படக்குறிப்புக்குத்தான் கண் போகும். பதிப்பகங்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வார்ப்பில் எங்கும் கிடைக்கிறவைதான் இவை. கையில் எடுத்துப் புரட்டும்போது எதைப் பார்க்கலாம் என்பதற்காக எழுதுகிறேன்.

களஞ்சியத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வழவழப்பான தாள், கண்ணைப் பறிக்கும் படங்கள், அச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் போட்டி: உலகிலேயே பெரியது, வேகமானது, விஷம் மிகுந்தது. சிவிங்கிப்புலிக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கிவிட்டு, அதன் வேகத்தை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். "ஓடாத நேரத்துல அது என்ன பண்ணும் சித்தி?" என்று கேட்டாள். புத்தகத்தில் பதில் இல்லை. துரத்தி முடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்துக் கிடக்கும், சிங்கம் மாதிரி கர்ஜிக்க வராது, பூனை மாதிரி குர்ர்ர் என்றுதான் சத்தம் போடும் என்று நான் சொன்னேன். வேகம் எத்தனை என்பதை அவள் மறந்தே போய்விட்டாள். குர்ர்ர் மட்டும் வீடு முழுக்கக் கேட்கிறது.

அடுத்தது அளவு. எலிக்கும் அரைப் பக்கம், யானைக்கும் அரைப் பக்கம். நீலத் திமிங்கிலம் 30 மீட்டர் வரை இருக்கும் என்று எழுதினால் ஏழு வயதுக்கு அது வெறும் எண்தான். பக்கத்தில் ஒரு ஆளின் உருவத்தை நிழலாக வரைந்திருந்தால் போதும், வேலை முடிந்தது.

பிழைகளும் உண்டு. பனிக்கரடியும் பென்குயினும் ஒரே பனிப்பாறையில் நிற்கின்றன. ஒன்று வடதுருவத்து விலங்கு, மற்றது பெரும்பாலும் தென்கோளத்துப் பறவை. இயற்கையில் இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்ள வாய்ப்பே இல்லை. 'பூச்சிகள்' என்ற தலைப்பின் கீழ் சிலந்தி இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஓவியர் எட்டுக் கால்களையும் சரியாக எண்ணி வரைந்திருக்கிறார். பூச்சிக்கு ஆறு கால்தான், தலைப்புப் போட்டவர்தான் எண்ணிப் பார்க்கவில்லை. டைனோசர் பக்கத்தில் ஸ்டெகோசாரஸும் டைரனோசாரஸும் மல்லுக்கு நிற்கின்றன. முன்னது வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், பின்னது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை இருந்தது. இடையில் கிடக்கும் எட்டுக் கோடி ஆண்டுகளைக் காணோம்.

ஒரு பக்கத்துக்காக மட்டும் அதை மன்னிக்கலாம். ஒட்டகச்சிவிங்கி, மனிதன், ஆந்தை மூன்றின் கழுத்தெலும்புகளையும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். அவ்வளவு நீளக் கழுத்தில் ஏழு எலும்பு, நமக்கும் ஏழு, ஆந்தைக்குப் பதினான்கு. ஆந்தைக்குக் கண்ணை உருட்ட முடியாது. அதனால்தான் தலையை 270 பாகை வரை திருப்புகிறது என்று கீழேயே காரணமும் இருக்கிறது. வாசித்ததும் தன் பிடரியைத் தடவி எண்ண ஆரம்பித்துவிட்டாள். புத்தகம் முழுக்க இப்படி இருந்திருக்கக் கூடாதா?

மடிப்புப் புத்தகம் சின்னக் குழந்தைகளுக்கு ஆனது. அதில் மரங்கொத்தியின் பக்கம் அருமை. பட்டையை இழுத்தால் நாக்கு நீள்கிறது, மடிப்பைத் திறந்தால் அந்த நாக்கைத் தாங்கும் எலும்பு மண்டையோட்டின் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு வருவது தெரிகிறது. இழுக்க நன்றாக இருந்ததாலேயே முதலில் கிழிந்ததும் அதுதான். இப்போது ஒட்டுநாடாவில் ஓடுகிறது. இதிலும் ஒரு சறுக்கல்: பட்டுக்கூட்டைத் திறந்தால் வண்ணத்துப்பூச்சி எட்டிப் பார்க்கிறது. அப்படி நூல் சுற்றிக் கூடு கட்டுவது பெரும்பாலும் அந்துப்பூச்சிகள். வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு பொதுவாகப் போர்வை எதுவும் இல்லாமல் வெறுமனே தொங்கும்.

இனி மண்புழு. அட்டை மங்கல் பழுப்பு, கடையில் எந்தக் குழந்தையும் தானாகக் கை நீட்டாது. உள்ளே கதை வேறு. முதல் படமே உண்மையான அளவில் ஒரு புழு, விரலை வைத்துப் பார்க்கலாம். கண் கிடையாது, ஆனாலும் தோலில் வெளிச்சம் பட்டால் தெரியும். நுரையீரல் கிடையாது, ஈரத் தோலாலேயே மூச்சு விடுகிறது, காய்ந்தால் செத்துவிடும். "அப்போ மூக்கு வேண்டாமா?" என்ற கேள்விக்கு அடுத்த பக்கத்திலேயே பதில் இருந்தது. ஒரே உடலில் ஆண், பெண் இரண்டும் என்பதைக்கூட நெளியாமல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகிவிடாது என்பதையும்தான். பறவை ஒன்று புழுவை மண்ணிலிருந்து இழுத்துத் தின்னும் படமும் இருக்கிறது. குழந்தை பயப்படும் என்று ஒளிக்கவில்லை. அவளும் பயப்படவில்லை, பறவையின் பெயரைத்தான் கேட்டாள்.

எனக்குப் பிடித்த பக்கம் டார்வினுடையது. 1881இல் வெளியான அவருடைய கடைசிப் புத்தகம் மண்புழுக்களைப் பற்றியது. அவற்றுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க விசிலடித்து, கத்தி, பியானோ வாசித்து, பசூன் என்ற குழலையும் ஊதிப் பார்த்திருக்கிறார்கள். புழுக்கள் அசையவில்லை. பிறகு தொட்டியைத் தூக்கிப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தைத் தட்டியதும் சட்டென்று வளைக்குள் போய்விட்டன. ஒலி எட்டவில்லை, அதிர்வு எட்டிவிட்டது. சோதனை என்றால் என்ன என்று குழந்தைக்குச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அப்புறம், செய்து பார்க்க ஒன்று: புழுவைத் தாளின் மேல் விட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோகச் சொல்கிறது. வளையத்துக்கு வளையம் இருக்கும் நுண்ணிய முட்கள் தாளில் உரசும் சத்தம் கேட்குமாம். நாங்கள் செய்தோம். கேட்கிறது, மூச்சை அடக்கிக்கொண்டால். முடிந்ததும் ஈர மண்ணில் விட்டுவிட வேண்டும் என்பதையும் புத்தகமே ஞாபகப்படுத்துகிறது. மழை பெய்தால் ஏன் வெளியே வருகின்றன என்ற இடத்தில், ஆராய்ச்சியாளர்கள் பல காரணங்களைச் சொல்கிறார்கள், இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்று நேராக எழுதியிருப்பது எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது. களஞ்சியத்தில் 'ஒருவேளை' என்ற சொல்லே கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. பின் அடித்த கட்டு, நடுத்தாள் கழன்று வந்து நான் நூல் போட்டுத் தைத்தேன். பாதிக்கு மேல் ஓவியங்கள் ஒன்று போலவே இருக்கின்றன. பின்னால் சொல்லடைவு இல்லை.

மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மண்புழு. களஞ்சியத்தை நூலகத்திலிருந்து எடுத்து எலும்புப் பக்கத்தை மட்டும் காட்டினால் போதும். மடிப்புப் புத்தகம் மூன்று, நான்கு வயதுக்குச் சரி, கூடவே ஒட்டுநாடாவும் வாங்கிக்கொள்ளுங்கள். மண்புழுப் புத்தகத்தில் எழுத்து சிறிசு. ஏழு வயதுக் குழந்தை தானாக வாசிக்கத் திணறும், பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டியிருக்கும்.